சிவப்பு எழுத்தைத் தாண்டியது யார்?

அத்தியாயம் 14

உட்துறைமுக வீதியில் ஜுமானாவின் கடைக்கு ஒரு பெயர் இருந்தது. பலகையில் எழுதியிருக்கிற 'ஜுமானா கொமியூனிகேஷன்' அல்ல. சனங்களின் வாயில் இருந்த பெயர். "அங்க போய் டைப் அடி, கதை வெளியில வராது" என்பார்கள். காதி நீதிமன்றத்துக்குக் கொடுக்கிற மனு, கச்சேரி அலுவலகத்துக்குக் காணிக் கடிதம், பொலிசுக்கு முறைப்பாடு என்று ஊரின் பாதி இரகசியம் பன்னிரண்டு வருடமாக அவள் விரல் வழியாகத்தான் போய் வந்தது. அடித்து முடிந்ததும் அவள் மறந்துவிடுவாள். மறக்காவிட்டாலும் மறந்த மாதிரி இருப்பாள்.

அந்தப் பெயர்தான் இப்போது ஆட்டம் காண்கிறது. ஒரு ரீச்சரின் இடமாற்றக் கடிதம் தபாலில் சேர முதலே ஊருக்குத் தெரிந்துபோனதும், 'ஜுமானாவுக்கும் வாய் நீண்டுட்டு' என்று மீன் சந்தையில் கதை அடிபட்டதும் பழைய செய்தி. தங்கை பஸ்மியாவுக்கு அஷ்ரப்போடு நிக்காஹ் முடிவாகி, வீட்டில் கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்ததால், ஜுமானா அந்தக் கதையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருக்க வேண்டும். இனி அதைச் சொல்லி என்ன பிரயோசனம்!

சனிக்கிழமை காலை எட்டரைக்கே கஜந்தி வந்துவிட்டாள். கடை வாசலில், ஊர் வீதிகளில் திரிகிற மான்களில் ஒன்று நின்று, பழுதாய்ப் போன போட்டோகொப்பித் தாள்களை மென்றுகொண்டிருந்தது. மற்ற நாளென்றால் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வருவாள். இன்றைக்கு அதை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்தாள்.

கஜந்தி துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். அங்குள்ள மனேஜரின் கையும் வாயும் சும்மா இருக்காது. எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, புதன்கிழமைதான் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு அடிக்க ஜுமானாவிடம் வந்திருந்தாள்.

"இருங்க கஜந்தி."

"இருக்க வரேல்ல அக்கா. ஒரு கேள்வி கேக்க வந்தனான். புதன்கிழமை என்ர கடிதத்தில தம்பிராசண்ணையின்ர பேரை அடிச்சனீங்கள், ஞாபகம் இருக்கோ?"

"ஓம். ஸ்டோர்ஸ் கிளார்க், கண்ணால கண்ட சாட்சி எண்டு. பிறகு நீங்கதானே வேணாம் எண்டு சொன்ன. அழிச்சிட்டன்."

"பிரிண்ட் எடுக்க முதலே அழிச்சனீங்கள். கடுதாசியில அந்தப் பேர் இல்லை. அப்ப மனேஜருக்கு அந்தப் பேர் எப்படித் தெரியும்?"

விசைப்பலகையின் மேல் ஜுமானாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"நேற்றுப் பின்னேரம் தம்பிராசண்ணையைக் கூப்பிட்டு, 'எனக்கெதிரா நீ சாட்சி சொல்லப் போறியாம்' எண்டு கேட்டு, இனி வேலைக்கு வரவேண்டாம் எண்டுட்டான். அந்த மனிசனுக்கு இந்த முறைப்பாட்டைப் பற்றி ஒண்டுமே தெரியாது அக்கா. நான் அவரிட்டக் கேக்கவே இல்லை. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு, வேண்டாம் எண்டு நினைச்சுத்தான் அழிக்கச் சொன்னனான்."

"அல்லாஹ் மேல ஆணை கஜந்தி, நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல."

"ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லேல்ல."

அவள் சத்தம் போட்டிருந்தால் ஜுமானாவும் சத்தம் போட்டிருப்பாள். கஜந்தி சத்தம் போடவில்லை. குரல் தாழ்த்தி, ஆளைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக் கதைத்தாள். அதுதான் ஜுமானாவைச் சுட்டது.

"திங்கக்கிழமை விசாரணை. ஆர் சொன்னதெண்டு தெரியாமல் அங்க போய் அவனுக்கு முன்னால இருக்க எனக்கு ஏலாது. நாளைக்கு வரைக்கும் பாப்பன். இல்லாட்டி முறைப்பாட்டை வாபஸ் வாங்கிறன்."

"நாளைக்குக் காலமைக்குள்ள நான் கண்டுபிடிச்சுச் சொல்றன்."

"கண்டுபிடிக்க என்ன இருக்கு அக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

ஜுமானா கதிரையில் சாய்ந்தாள். ரெண்டு பேருக்குத்தான் தெரியும் என்று சொன்னாளே, அது சரியா? புதன்கிழமையை மனதுக்குள் ஒருமுறை திரும்ப ஓட்டினாள். கஜந்தி இந்தப் பக்கக் கதிரையில். தான் இங்கே. பின்னால், சுவரோரம், பிளேன்டீயும் கையுமாக…

நுஸ்கி.

ஐயோ, அவளுடைய புருஷன்தான்! அன்றைக்கு லொறிக்கு லோட் வரச் சுணங்கியதால் கடைக்கு வந்து குந்தியிருந்தான். நுஸ்கி கொன்டேனர் லொறி ஓட்டுவது வேறு யாருக்குமல்ல, அதே ஏஜென்சிக்குத்தான். வியாழக்கிழமை அவள் துறைமுக வாசல் பக்கம் போனபோது, அந்த மனேஜர் நுஸ்கியின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்று கதைத்ததையும் கண்ணால் கண்டாள். என்ன கதை என்று கேட்க நினைத்து, அரிசி விலை விசாரித்ததில் மறந்துபோனாள்.

இப்போது அந்தக் கை அவள் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்றது. ஒரு கிழமையாக அவன் போனைக் குப்புற வைப்பது ஏன்? நேற்று ராத்திரி அவள் 'கஜந்தி' என்று பேரெடுத்தபோது அவன் கதையை மாற்றியது ஏன்? மாற்றினானா, இல்லையா? மாற்றியது போலத்தான் இருந்தது. பத்து மணிக்குள் நாலு பேருக்கு அப்ளிகேஷன் நிரப்பிக் கொடுத்தாள். மூன்றில் பிழை விட்டாள்.

*

பகல் சாப்பாட்டுக்கு உம்மா றுக்கியா பாரை மீன் ஆணம் வைத்திருந்தாள். பிள்ளைகள் இருவரும் வகுப்புக்குப் போயிருந்தது நல்லதாய்ப் போயிற்று. மேசையில் நுஸ்கி, எதிரே பஸ்மியா, குசினிக்கும் மேசைக்கும் நடந்தபடி உம்மா. ஜுமானா சோற்றைப் போடாமலே உட்கார்ந்தாள்.

"புதன்கிழமை கஜந்தி வந்த நேரம் நீங்க கடையில இருந்தீங்க."

"இருந்தன். பிளேன்டீ குடிச்சன். சீனி குறைவு," என்றான் நுஸ்கி சிரித்துக்கொண்டு.

"அவ சொன்ன பேரு உங்கட காதுல விழுந்தா?"

"எந்தப் பேரு?"

"தம்பிராசா எண்டு."

"விழுந்திருக்கும். எனக்கும் தெரிஞ்ச மனிசன்தானே. ஏன்?"

"அது மனேஜர்ட காதுக்குப் போயிருக்கு. தம்பிராசாட வேலை போயிட்டு."

நுஸ்கி பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் பீங்கானிலேயே வைத்தான். "நான் சொன்ன எண்டு சொல்றியா?"

"நான் சொல்லல்ல. கேக்கிறன்."

"நீ கேக்கிற கேள்வியில பதிலும் இருக்கு ஜுமானா."

"வியாழக்கிழமை அவன் உங்கட தோளுல கை போட்டுக்கிட்டு நிண்டத நான் கண்டன்."

"லீவு கேட்டன்! உன்ட தங்கச்சிட நிக்காஹ்வுக்கு ரெண்டு நாள் லீவு கேட்டன்! அவன் தோளுல கை போட்டா நான் அந்தக் கைய வெட்டியா எறியிற?"

பஸ்மியா நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தண்ணீர்க் கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டுப் பழையபடி சோற்றைக் கிளறினாள்.

அந்த இடத்தில் ஜுமானா நிறுத்தியிருக்கலாம். லீவு என்ற சொல்லிலேயே அவளுக்குப் பாதி ஆறிவிட்டது. ஆனால் காலையில் கஜந்தி மேசையைப் பார்த்துக் கதைத்த கதை உள்ளே கிடந்து கொதித்தது. கொதிக்கிற நேரம் நாக்கு யாருடைய சொல்லையும் கேட்காது, சொந்தக்காரியின் சொல்லைக்கூட.

"அப்ப ஆரு சொன்ன? செவரு சொன்னதா? இந்த வீட்டுல இருந்துக்கிட்டு, இந்த வீட்டுக் கதைய அங்க கொண்டுபோய்க் கொட்டுறதெண்டா…"

"ஏன்டி! வாய மூடு!" என்று உம்மா குசினி வாசலில் நின்று கத்தினாள்.

அவள் கத்தியதில் நியாயம் இருந்தது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவான். வீட்டின் உறுதிப் பத்திரம் அவள் பேரில் இருக்கும். அதனால்தான் எவ்வளவு பெரிய சண்டையிலும் எந்தப் பெண்ணும் புருஷனைப் பார்த்து 'இந்த வீடு' என்ற சொல்லை எடுக்கமாட்டாள். எடுத்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

நுஸ்கி எழும்பினான். குசினிக்குப் போய்க் கையைக் கழுவினான். அறைக்குள் அலுமாரி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஒரு சின்ன பேக்கோடு வெளியே வந்தான்.

"உன்ட வீடுதான். நான் மறந்திட்டன், நீ ஞாபகப்படுத்திட்ட. கிண்ணியாவுல என்ட உம்மாட வீட்டுல இருப்பன்."

"மகன், இருங்க… அவள் ஒரு விசரி… சோத்துப் பீங்கான விட்டுட்டு எழும்பக்கூடா மகன்!" உம்மா பின்னாலேயே வாசல்வரை ஓடினாள். திரும்பி வந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கலியாணத்துக்குப் பதினெட்டு நாள் கிடக்கு. மூத்த மருமகன் பேக்கத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுறாரு. சம்பந்தி வீட்டுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

பஸ்மியா பீங்கானை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாள். அவளும் சாப்பிட்டிருக்கவில்லை.

*

மூன்று மணிக்கு பஸ்மியா கடைக்குள் வந்து ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டாள். தொழில்நுட்பக் கல்லூரியில் கம்பியூட்டர் படித்தவள். வீட்டில் அந்தப் படிப்புக்கு இதுவரை பெரிய மதிப்பிருக்கவில்லை. பிரிண்டரில் தாள் சிக்கினால் கூப்பிடுவார்கள்.

"ராத்தா, எழும்புங்க. அந்தக் கம்பியூட்டர நான் பாக்கணும்."

"இப்ப என்னத்துக்கு?"

"அழிச்ச பேரு வெளியில போயிருக்கு. அத காதால கேட்டவன்தான் சொல்லணுமெண்டு இல்ல. கண்ணால பாத்தவனும் சொல்லலாம்."

"கடையில வேற ஆரு இருந்த பாக்கிறதுக்கு?"

"கடைக்குள்ள இருந்துதான் பாக்கணுமெண்டும் இல்ல."

சொல்லிக்கொண்டே மேசைக்கடியில் குனிந்து, கம்பியூட்டரின் முதுகில் செருகியிருந்த இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள். ரவுட்டரின் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. கம்பியூட்டர் மட்டும் தனியே நின்றது.

பிறகு கதிரையில் குந்தி, ஜுமானா ஒரு நாளும் திறந்திராத பக்கங்களை எல்லாம் திறந்து தேடினாள். ஜுமானா பின்னால் நின்றாள். வீதியில் ஐஸ்கிறீம் வண்டி பாட்டோடு போனது. பத்து நிமிடம் இருக்கும், பஸ்மியாவின் கை நின்றது.

"இந்தா இருக்கு."

"என்ன அது?"

"கம்பியூட்டரப் போட்ட உடனே இதுவும் எழும்புது. நீங்க அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும், ஸ்கிரீன்ல தெரியிற படமும் வேற ஒருத்தர்ட கம்பியூட்டருக்குப் போகுது. அடிக்கிறதும் போகும், அழிக்கிறதும் போகும்."

 ஜுமானா வாடிக்கையாளர் குந்துகிற கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கஜந்தி, அந்த ரீச்சர், காதிக்கு மனு அடிக்க வந்து அழுத பிள்ளை… எத்தனை பேர்! யாரோ ஒருவன் எங்கேயோ குந்திக்கொண்டு இத்தனை பேரையும் வாசித்திருக்கிறான்.

அப்போதும் அவள் மனம் முதலில் எங்கே போனது தெரியுமா? சொல்லவே வெட்கம். நுஸ்கியிடம்தான் போனது.

"கடைப் பூட்டுத் திறப்பு ஒண்டு அவருட்டயும் இருக்கு. பாஸ்வேர்டும் தெரியும்," என்றாள்.

"ராத்தா!"

"இல்லாட்டி ஆரு பஸ்மி இதைக் கொண்டுவந்து வச்ச?"

"இருங்க, பாப்பம். இது தானா வந்து குந்தாது. ஆரோ பிரவுசரால இறக்கி, கையால திறந்திருக்கணும். பிரவுசர் எல்லாத்தையும் குறிச்சு வைக்கும்."

டவுன்லோட் பட்டியலைத் திறந்தாள். கீழே போகப் போக, விண்ணப்பப் படிவங்கள், பரீட்சைப் பெறுபேறுகள், யாரோ ஒருவரின் விமான டிக்கெட். அதற்குக் கீழே ஒரு ஃபைல். பேர் 'தமிழ் டைப்பிங் புதியது'. ஆபத்தான ஃபைல் என்று பிரவுசர் மறித்ததாகவும், பாவித்தவர் அதை வைத்துக்கொண்டதாகவும் சிவப்பில் குறிப்பு. பஸ்மியா அந்த ஃபைலின் விபரத்தைத் திறந்தாள். திகதியும் நேரமும் வந்தன.

இரண்டு கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

"ஜும்ஆத் தொழுகை நேரம்," என்றாள் பஸ்மியா.

வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் இந்த வீதியில் ஒரு ஆணைக் கண்டால் அதிசயம். கடை ஷட்டர் எல்லாம் பாதிக்கு இறங்கியிருக்கும், ஆண்களெல்லாம் பள்ளிவாசலில் இருப்பார்கள். நுஸ்கி முதல் வரிசைக்காரன். பன்னிரண்டேகாலுக்கே தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான்.

"மச்சான் பள்ளியில. அப்ப இந்தக் கதிரையில ஆரு?"

 ஆள் வராத அந்த ஒன்றரை மணித்தியாலத்தில், ஷட்டருக்குப் பின்னால் இருந்து மிச்ச வேலை முடிப்பவள் ஒரே ஒருத்திதான்.

"நான்," என்றாள் ஜுமானா.

சொன்ன பிறகுதான் ஞாபகமே வந்தது. ஞாபகம் வராததற்கும் காரணம் உண்டு. அவள் பாவிக்கிற தமிழ் டைப்பிங் புரோகிராமை ஆரோ ஒரு நல்ல மனிதர் தன்பாட்டில் எழுதி இலவசமாகக் கொடுத்தார். கம்பியூட்டர் பழுதாகி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாய்ப் போடுகிற ஒவ்வொரு முறையும் அதைத் திரும்ப இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிரவுசர் சிவப்பெழுத்தில் கத்தும்: ஆபத்து, தெரியாத ஆள் செய்தது, திறக்காதே. அதன் பேச்சைக் கேட்டால் கடையில் தமிழில் ஒரு வரி அடிக்க ஏலாது. வாசலில் ஆள் நிற்கும். அதனால் பன்னிரண்டு வருடமாக அவள் சிவப்பைக் கண்டதும் தட்டிவிட்டுப் போகப் பழகினாள். உதவிக்கு வருகிற பிள்ளைகளுக்காகச் சுவரில் தாளும் ஒட்டியிருந்தாள், தன் கையாலேயே எழுதி: 'சிவப்பு வந்தால் பயப்பட வேண்டாம். மூன்று புள்ளியை அழுத்தி, வைத்திருக்கச் சொல்லவும்.' துறைமுக வாசல் காவலாளி தினமும் வருகிற லொறியை நிமிர்ந்து பார்க்காமலே கையசைத்து விடுகிற மாதிரித்தான் இதுவும்.

அந்த வெள்ளிக்கிழமையும் பிரவுசர் மறித்தது. தட்டினாள். நிச்சயமா என்று கேட்டது. தட்டினாள். திறக்கப் போனபோது கம்பியூட்டர் வேறு நீலப் பலகை ஒன்றைக் குறுக்கே போட்டது. அதையும் தட்டினாள். மூன்று இடத்தில் மறித்தார்கள், மூன்று இடத்திலும் திறந்துவிட்டவள் அவள்தான்.

"பிரவுசர்க்காரன் கத்தினான்தானே ராத்தா! பெரிசா சிவப்புல போட்டுக் கத்தினான்தானே!" என்றாள் பஸ்மியா.

"எந்த நாளும் கத்துறான்டி! நல்லதுக்கும் அதே சிவப்பு, கெட்டதுக்கும் அதே சிவப்பு. தமிழ் எண்டாலே அவனுக்குக் கள்ளச் சாமான். நான் எத வச்சுப் பிரிச்சுப் பாக்கிற? நீதான் சொல்லு!"

"பிரிக்கத் தெரியாட்டி கேட்டிருக்கலாமே. நான் பின் வீட்டுலதானே இருக்கன்."

"ஆள் நிக்கிற நேரம் உன்னக் கூப்பிட்டுக்கிட்டா இருக்கிற?"

"வெள்ளிக்கிழமை ஆள் நிக்கல்ல ராத்தா."

 ஜுமானாவுக்கு அழுகை வந்தது. மத்தியானம் மேசையில் எழும்பி நின்ற நுஸ்கியின் முகம் வந்தது. அவன் கையில் சோறு ஒட்டியிருந்ததும் ஞாபகம் வந்தது.

"சரி. இந்த லிங்க் எங்க இருந்து வந்த?" என்று கேட்டாள் பஸ்மியா. கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜுமானா போனை எடுத்தாள். வட்ஸ்அப்பில் இரண்டு கிழமை பின்னால் போனாள். வியாழக்கிழமை மாலை. இருந்தது.

'ராத்தா, பழைய தமிழ் டைப்பிங் இனி வேலை செய்யாது. இதப் போடுங்க. பிரவுசர் கத்தும், கணக்கெடுக்க வேணாம்.'

அனுப்பியவரின் பேரைப் பார்த்ததும் அவள் போனை மடியில் குப்புறக் கவிழ்த்தாள்.

அஷ்ரப். பஸ்மியாவை நிக்காஹ் செய்யப்போகிறவன். ஊரில் பாதிக் கடைகளின் கம்பியூட்டரைத் திருத்திப் பார்க்கிறவன். துறைமுகத்து அந்த ஏஜென்சியின் கம்பியூட்டர்களையும் அவன்தான் பார்க்கிறான்.

சொல்வதா, விடுவதா? மூன்று மணித்தியாலத்துக்கு முன்னால்தான் ஒரு மனிதனைச் சந்தேகத்தை மட்டும் வைத்து வீட்டை விட்டு அனுப்பினாள். இப்போது இன்னொருவனா? இவனும் யாரோ கொடுத்ததை நம்பி அனுப்பியிருக்கலாம். அவளைப் போலவே யோசிக்காமல் தட்டியிருக்கலாம். மணப்பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, சாரி எடுத்தாகிவிட்டது. வாய் தவறினால் இந்தமுறை தங்கையின் வாழ்க்கை.

"ஆரோ… தெரியாத நம்பர்," என்றாள்.

"அஷ்ரப்தானே," என்றாள் பஸ்மியா.

ஜுமானா மடியிலிருந்த போனை நிமிர்த்தினாள்.

"எனக்கும் அனுப்பினவர். போன மாசம், வேற பேருல. என்ட லெப்டொப்புல பிரவுசர் விடல்ல. நான் அழிச்சிட்டன். ஏன் திறக்கல்ல, என்னில நம்பிக்கை இல்லையா எண்டு கேட்டாரு. மூணு நாள் கதைக்கவே இல்ல."

"நீ ஒருத்தருக்கும் சொல்லல்ல."

"என்னத்தச் சொல்ற? ஒரு ஃபைல் அனுப்பினாரு எண்டா? உம்மா சிரிப்பா."

"இண்டைக்கு மத்தியானம்?" ஜுமானாவின் குரல் ஏறியது. "நான் அந்த மனிசன அவ்வளவு கேக்கக்குள்ள, அவரு பேக்கத் தூக்கிக்கிட்டுப் போகக்குள்ள, நீ எதிருக்கே இருந்தியே பஸ்மி! உனக்கு அப்பவே சந்தேகம்தானே?"

"ஓம்."

"வாயத் திறந்திருந்தா என்ன?"

பஸ்மியா மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "பதினெட்டு நாள்தானே ராத்தா இருக்கு," என்றாள்.

அறைய ஓங்கிய கையை ஜுமானா இறக்கினாள். தங்கை கல்யாணம் கெட்டுவிடுமே என்று வாயை மூடினாள். ஜுமானாவோ வாயைத் திறந்து தன் குடும்பத்தையே கெடுத்தாள். எந்த முகத்தோடு அவளை அடிப்பது?

எழும்பி வாசல் பக்கம் போய் நுஸ்கிக்குப் போன் எடுத்தாள். நாலாவது தடவை மணி அடித்த பிறகு எடுத்தான்.

"என்ன?"

"நீங்க இல்ல. நான்தான்… என்ட கையாலதான் போயிருக்கு." அழுதுகொண்டே முழுவதையும் சொன்னாள். சிவப்பெழுத்து, வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு ஐம்பத்திரண்டு, எல்லாம்.  பின்னால் கிண்ணியா வீட்டில் ஆரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"அப்ப ஒரு மெசின் சொன்னா நம்புவ. நான் சொன்னா நம்ப மாட்ட," என்றான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க… வாங்க."

"பதினொரு வருஷம் ஜுமானா."

"தெரியும்."

"அனுப்பினது ஆரு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பஸ்மியா இன்னும் அந்த ஸ்கிரீனுக்கு முன்னால்தான் இருந்தாள். "தெரிஞ்ச உடனே சொல்றன்," என்றாள்.

"நான் யோசிக்கணும்," என்று சொல்லி அவன் வைத்துவிட்டான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

போன் கையில் இருக்கும்போதே திரும்ப அடித்தது. நுஸ்கிதான் மனம் மாறிவிட்டான் என்று நினைத்துப் பேரைக்கூடப் பார்க்காமல் அவசரமாக அழுத்தினாள்.

"ராத்தா, நான் அஷ்ரப். சும்மாதான் எடுத்த. கடைக் கம்பியூட்டர் லைன் போயிட்டா? ஏதும் பிரச்சினையா? நான் பக்கத்துலதான் நிக்கிறன், வந்து பாத்துத் தரட்டா?"

 வயரைப் பிடுங்கி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. பின்னால் வீட்டில் இன்டர்நெட் இருக்கிறது, கடை ரவுட்டரும் எரிகிறது, இந்த ஒரு கம்பியூட்டர்தான் நின்றது. அது நின்ற விஷயம் இந்தக் கடைக்குள் இருக்கிற இரண்டு பேரைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரிய வழியில்லை.

என்ன சொல்வதென்று தெரியாமல் அவள் போனின் வாயைப் பொத்திக்கொண்டு தங்கையைப் பார்த்தாள். கடை சின்னது. அவன் கதைத்தது முழுக்கப் பஸ்மியாவுக்குக் கேட்டிருந்தது. அவள் எழும்பி வந்தாள். முகத்தில் அழுகை இல்லை. ராத்தாவின் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"ஓம், லைன் போயிட்டு. வயரப் பிடுங்கினது நான்தான்," என்றாள் பஸ்மியா. "வாங்க. வந்து, அது நிண்டது உங்களுக்கு எப்படித் தெரியும் எண்டு எனக்குச் சொல்லுங்க."

மறுபக்கத்தில் அஷ்ரப்பின் மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிற சத்தம் மட்டும் கேட்டது.